உளுந்து வயலில் தண்ணீர்

அக்கா, அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளுங்களேன். கேட் போட்டுவிட்டார்கள். இனி எப்போது திறப்பார்களோ. இன்ஜின் மட்டும் ஒரு தடவை போகும், அதே இன்ஜின் பின்னாலேயே திரும்பி வரும், அப்புறம் நெல் ஏற்றின கூட்ஸ் வண்டி ஊர்ந்துகொண்டு வரும். உங்களுக்குத் தெரியாததா.

இல்லை, எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை. அவசரம்தான். கேட்டைத் தாண்டினால் அடுத்த ஸ்டாப் போலீஸ் ஸ்டேஷன், அங்கேதான் இறங்க வேண்டும். தள்ளி உட்காராதீர்கள் அக்கா, நான் தப்பு எதுவும் செய்யவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன். எங்கள் வயல் வரப்பை வெட்டித் தண்ணீரை விட்டுவிட்டார்கள். உளுந்து. பூ விட்டு நின்ற உளுந்து.

நடந்தே போகலாம்தான். கேட்டுக்கு அடியில் குனிந்து எல்லாரும் போகிறார்கள், பார்க்கிறேன். இருக்கட்டும், பஸ்ஸிலேயே போகிறேன்.

என் பெயர் சுடர்க்கொடி. பி.எஸ்சி. தாவரவியல். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. ஸ்டேஷனில் என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்தே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருகிறேன், அதில் இதுதான் முதல் வரி. உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டுமா? எங்கேயாவது இடித்தால் நிறுத்துங்கள். உள்ளதை உள்ளபடிதான் சொல்வேன். கூட்டிச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

எங்களுக்கு மூன்று மா நிலம். ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுவை நெல், அதை அறுத்ததும் தாளடி நெல், தாளடி அறுப்புக்கு முன்னால் ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிட்டால் வெயில் காலத்தில் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். எங்கள் அப்பா கலியமூர்த்திக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதுதான். நெல்லுக்கு மேல் நெல். மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தால் சவம் மாதிரி கிடக்கும். அதுவாவது வீடு வந்து சேருகிறதா? குறுவை அறுக்கிற நேரம் பார்த்து மழை வரும். போன வருஷம் ஈர நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவிட்டு அம்மாவும் அப்பாவும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு காவல் கிடந்தார்கள். குவியல் உள்ளுக்குள்ளேயே முளைத்துவிட்டது. அப்பா கையை விட்டுத் துழாவி எடுத்துப் பார்த்துவிட்டு, "நாத்து வுடுற வேல மிச்சம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன். இனிமேல் குறுவையில் நெல் வேண்டாம். உளுந்தைக் கடைசியில் தெளித்துவிட்டு வருகிற பயிராக இல்லாமல், முதல் பயிராக, வரிசை பிடித்து விதைப்போம். எழுபது நாளில் கைக்கு வந்துவிடும். நெல்லுக்குக் கொடுக்கிற தண்ணீரில் கால்வாசிகூட வேண்டாம். வேரில் முடிச்சு விட்டு மண்ணுக்கு உரத்தையும் அதுவே வைத்துவிட்டுப் போகும், பின்னால் வருகிற தாளடிக்கு யூரியா குறையும். நானாகச் சொல்லவில்லை, வேளாண்மை ஆபீசில் பயிற்சி வைத்தார்கள், போய் உட்கார்ந்து கேட்டேன். கேள்வி கேட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இதை ஸ்டேஷனிலும் அழுத்திச் சொல்வேன். ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. காதில் செருகியிருந்த பீடியை எடுத்து உருட்டிக்கொண்டே, "நடுவயலாச்சே" என்றார். அவ்வளவுதான்.

"நடுவயலா இருந்தா என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. நீ படிச்ச புள்ள. ஒனக்குத் தெரியாதா?"

உங்களுக்கு வயல் இருக்கிறதா அக்கா? இல்லையா? அப்படியானால் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புரியாது. எங்கள் பக்கம் வயலுக்கு வயல் தனி வாய்க்கால் கிடையாது. வாய்க்கால் தொடுவது மேலே இருக்கிற தியாகு சித்தப்பா வயலை மட்டும். அவருடையது நிறைந்து மடை வழியாக எங்கள் வயலுக்கு வரும். எங்களுடையது நிறைந்து கீழே வைரக்கண்ணு மாமா வயலுக்குப் போகும். அதற்குக் கீழே வடிகால். எல்லாரும் நெல் போட்டிருக்கிறவரைக்கும் தண்ணீர் யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருக்கும்.

உளுந்துக்குத் தண்ணீர் நிற்கவே கூடாது. இரண்டு நாள் வேர் முழுகினால் முடிந்தது கதை. அதனால் மேல் மடையை அடைத்தேன். அடைத்தேன் என்றால், நான் சொன்னேன், அப்பா அடைத்தார். சுற்றி வரப்பை முழங்கால் உயரம் ஏற்றினோம். ஆனால் நான் அடுத்தவர் வயிற்றில் அடிக்கிற ஆள் இல்லை. மாமா வயலுக்குத் தண்ணீர் போக வேண்டுமே என்று, கிழக்கு வரப்போரமாக ஒரு மண்வெட்டி அகலத்துக்குக் கன்னி வாய்க்கால் எடுத்துக் கொடுத்தேன். எங்கள் நிலத்தில். கயிறு கட்டி, நேர்க்கோடாக. அப்பா வெட்டிக்கொண்டே, "இன்னும் ஒரு வெட்டு அகலமா எடுப்பமா?" என்று கேட்டார். எடுத்தால் இரண்டு வரிசை உளுந்து போய்விடும் என்று சொன்னேன். "அப்ப சரி" என்றார். பாருங்கள், அவருக்கும் சம்மதம்தான்.

உளுந்து வந்தது பாருங்கள் அக்கா! நானே எதிர்பார்க்கவில்லை. அப்பா டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். "இஞ்ச பாரு, எம்பொண்ணு போட்ட உளுந்து. மண்ணு எப்படிப் பொலபொலன்னு கெடக்கு பாரு." ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சைக் காட்டுவார். தினம் ஒரு செடி. "காட்டிக் காட்டியே காலி பண்ணிடாதீங்கப்பா" என்று நான் சண்டை போட்டேன்.

அப்புறம் ஆனியில் ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது. அப்போதுதான் வைரக்கண்ணு மாமா வந்தார்.

சொந்த மாமா இல்லை, ஊர் முறைக்கு மாமா. சின்ன வயதிலிருந்து என்னை மருமவளே என்றுதான் கூப்பிடுவார். நான் காலேஜ் சேர்ந்தபோது, "மருமவளே, இனிமே ஒங்க வூட்டு மாட்டை இங்கிலீசுலதான் ஓட்டணுமா?" என்று கேட்டு பஸ் ஸ்டாப்பே சிரித்தது. அந்த மாதிரி ஆள். அன்றைக்கு எங்கள் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மருமவளே, ஒன் வாய்க்கால்ல தண்ணி வருது, இல்லங்கல. நண்டு வளையில போனது போவ, எலி வளையில போனது போவ, மிச்சம் என்னைய வந்து சேர்றதுக்குள்ள முறை முடிஞ்சிபோவுது. நடவு காயிது."

"நீங்களும் உளுந்து போட்டிருக்கலாம்ல மாமா? எல்லாரும் சேந்து மாறினா பிரச்சினையே இல்லையே."

"எங்க, என் வயல்லயா?" என்று சிரித்தார். "மேல எவன் வயல்ல மாடு மோண்டாலும் என் வயல்ல வந்துதான் நிக்கும். கோடை மழை ஒண்ணு பேஞ்சாப் போதும், அங்க நெல்லும் தவளையுந்தான் இருக்கும். உளுந்தாம்!"

எதற்கெடுத்தாலும் கேலி. பயிற்சியில் சொன்னார்கள், புதுசாக ஒன்றைச் செய்தால் முதலில் கேலி செய்வார்கள், கலங்காதீர்கள் என்று. நான் கலங்கவில்லை.

அப்பாவும் அங்கேதான் நின்றார். மாமா அவரைத் திரும்பிப் பார்த்து, "என்ன மச்சான், நீ ஒண்ணுஞ் சொல்லலியே?" என்றார்.

"அது படிச்ச புள்ள மச்சான். கணக்காத்தான் செஞ்சிருக்கும்."

மாமா எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார். அன்றோடு மருமவளே நின்றுபோயிற்று. எங்கே பார்த்தாலும் "வாங்க" என்கிறார். வாங்க! எனக்கு! அம்மாகூட, "ஏன்டி, அவரு ஒன்னைய வாங்கங்கறாரு?" என்று கேட்டாள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

அப்பா சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அந்தப் பேச்சை எடுப்பார். அவர் சாப்பிடுகிற விதமே தனி. கறிவேப்பிலை, மிளகாய், புளிச் சக்கை எல்லாவற்றையும் தட்டு ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டே வருவார், ஒன்று மேல் ஒன்று படாமல். அப்படி அடுக்கிக்கொண்டே, "வைரக்கண்ணு வயல் பாளம் பாளமா வெடிச்சிக் கெடக்கு. கால் வெரலு உள்ள போவுது" என்பார்.

"முறைத் தண்ணி கம்மிப்பா. அதுக்கு நாம என்ன செய்யிறது?"

"ஆமாமா. நாம என்ன செய்யிறது" என்பார். அடுத்த மிளகாயை எடுத்து வைப்பார்.

இதோ, அவர்தான் போனில் கூப்பிடுகிறார். காலையிலிருந்து இது எத்தனையாவதோ. இருக்கட்டும், முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை. காலையில் பூச்சி பார்க்கலாம் என்று வயலுக்குப் போகிறேன், வயல் முழுக்கத் தண்ணீர். மஞ்சள் மஞ்சளாகப் பூ, அதற்கு அடியில் வானம் தெரிகிறது அக்கா. மேற்குப் பக்கம் அடைத்து வைத்த மடை திறந்து கிடக்கிறது. கீழ் வரப்பிலும் அதே மேற்கு மூலையில் ஒரு வெட்டு. தண்ணீர் அது வழியாக மாமா வயலுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு யார் செய்திருப்பார்கள்? யாருக்கு லாபமோ அவர்தானே செய்திருக்க வேண்டும்?

அப்பா எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். வாய்க்காலில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் ஓடி வந்தார்.

"நண்டு வளையா இருக்கும் புள்ள" என்றார்.

நண்டு வளை! ஒரு முழ அகலத்துக்கு நண்டு வெட்டுமா? நான் கத்தினேன். "வேர் அழுகிப்போவும்ப்பா!"

"அழுவாது. வெள்ளென நாலு மணிக்கு மேலதான் வுட்டுருக்கு. இப்ப வடிச்சிட்டா எந்திரிச்சிரும்."

நேரத்தைக்கூட அவர் சரியாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். புகாரில் இதையும் சொல்லப் போகிறேன். நேரம் தெரிந்தால் விசாரிக்கச் சுலபம் இல்லையா?

நேராக மாமா வீட்டு வாசலுக்குப் போனேன். அப்பா பின்னாலேயே வந்தார், "வேண்டாம் புள்ள, வேண்டாம் புள்ள" என்று. நான் வாசலில் நின்று, சொல்லக் கூடாததை எல்லாம் சொன்னேன். திருட்டுத்தனமா வரப்பு வெட்டுறதுக்கு நேர்ல வந்து பிச்சை கேட்டிருக்கலாம்னு சொன்னேன். தெருவே பார்த்தது. மாமா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சரிங்க. நாந்தான்னு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒப்புக்கொண்டார் அக்கா! தெருவே சாட்சி.

அப்பா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பயிர் போன வருத்தம். இன்றைக்குக் காலையில் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். "போய்த்தான் ஆவணுமா?" என்றார். பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு, "பேரு போட்டுத்தான் எழுதுவாங்களா?" என்று கேட்டார். பேர் இல்லாமல் எப்படிப்பா எழுதுவார்கள் என்றேன். "அவன் பேரைப் போடாத. யாரோ தெரியாத ஆளுன்னு போடு" என்றார். எதிரிக்குக்கூடப் பாவம் பார்க்கிற மனுஷன். அவரை இந்த மாதிரி ஏமாற்றுகிறார்களே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

என்ன? என்ன கேட்டீர்கள்?

பயிரா? முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பொய் சொல்ல மாட்டேன். மேற்குப் பக்கம் தண்ணீர் ஓடின பட்டைதான் இலை தொங்கி மஞ்சளாகிவிட்டது. கிழக்கே பாதிக்கு மேல் தலை தூக்கி நிற்கிறது. ஏனென்றால் நடுவில் ஒரு குட்டி வரப்பு இருந்தது. தண்ணீரை மேற்கு ஓரமாகவே கொண்டுபோகிற மாதிரி, மேல் மடையிலிருந்து கீழ் வெட்டு வரைக்கும். அது பாதியில் உடைந்துதான் வயல் முழுக்கப் பரவியிருக்கிறது.

இல்லை, நாங்கள் போட்டது இல்லை. வியாழக்கிழமை சாயந்திரம் அது இல்லை. நான் பார்த்தேனே.

அதுதான் எனக்கும். வரப்பை வெட்டினவன் எதற்கு இன்னொரு வரப்புப் போட வேண்டும்? என் உளுந்தை ஒதுக்கி, ஓரமாகத் தண்ணீரை ஓட்டிவிட வேண்டும் என்று அவருக்கு என்ன அக்கறை? அடைக்கிறதுகூட அப்படித்தான். எனக்கு மறக்க முடியவில்லை. வெட்டின மண்ணை எறியவே இல்லை அக்கா. கோபத்தில் வெட்டுகிறவன் கண்ட இடத்தில் வீசுவான். இது புல் இருக்கிற மண்கட்டிக் கரணையைப் புல் மேலே தெரிகிற மாதிரி தனியாக, ஈர மண்ணைத் தனியாக, வரப்பு மேலேயே வரிசையாக வைத்திருந்தது. ஆள் வருவதற்குள் திரும்ப எடுத்து வைத்து அடைத்துவிடலாம், வெட்டின இடமே தெரியாது. அப்பா வந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், தேடாமல், எது முதலில் எது அடுத்து என்று யோசிக்கக்கூட இல்லாமல். மேல் மடையில் அப்படி, தண்ணீர் வடிந்ததும் கீழேயும் அப்படி. கரணைகள் ஒன்று மேல் ஒன்று படாமல், ஓரத்தில் வரிசையாக...

இருங்கள்.

ஒரு நிமிஷம் இருங்கள் அக்கா.

இல்லை, ஒன்றும் இல்லை. கூட்ஸ் சத்தத்தில் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று மறந்துவிட்டது.

மறக்கவில்லை.

அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அடைத்துவிட்டுக் கழுவலாம் இல்லையா? அடைக்கிறதுக்கு முன்னால் எதற்குக் கழுவினார்? குட்டி வரப்பு உடைந்துவிட்டது, அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்திருப்பார், நிற்கவில்லை, அதற்குள் நான் வந்துவிட்டேன்.

மாமா யாரைப் பார்த்தார் என்று நானே உங்களிடம் சொல்லியிருக்கிறேன். என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா அக்கா? 'சுடரு, இது சரிப்பட்டு வராது, அவன் வயல் காயிது, ரெண்டு வரிசை போனாப் போவட்டும்' என்று. நான் என்ன புலியா? பெற்ற பெண்ணிடம் பயந்துகொண்டு விடிவதற்கு முன்னால் எழுந்து, தன் வயல் வரப்பைத் தானே திருட்டுத்தனமாக வெட்டுவாரா ஒரு மனுஷன்? ஊரெல்லாம் கூட்டிவந்து காட்டின உளுந்து! என்னிடம் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேனா?

'நடுவயலாச்சே' என்றார்.

'இன்னும் ஒரு வெட்டு' என்றார்.

கேட்டிருக்க மாட்டேன் அக்கா. நான்தான் கணக்கு வைத்திருந்தேனே.

ஆனால் உளுந்து தப்பில்லை. அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கிழக்கே நிற்கிற பயிரை நீங்கள் வந்து பாருங்கள், சொல்வீர்கள். அடுத்த வருஷமும் உளுந்துதான் போடுவேன். மேற்குப் பட்டை எப்படியும் போய்விட்டது, ஓர் ஆறு வரிசை இருக்கும். அதை அப்படியே வாய்க்காலாக விட்டுவிட்டால், நல்ல அகலமாக, நண்டு வளை இல்லாமல் கரையை மிதித்து... முறைத் தண்ணீர் நாளையோடு முடிந்துவிடும். இன்றைக்கே வெட்டினால்தான் உண்டு.

திரும்பக் கூப்பிடுகிறார். எடுக்கிறேன்.

அப்பா... இல்லப்பா, இன்னும் போவல. கேட்டு போட்டுக் கெடக்கு... எழுதல. யார் பேரும் எழுதல... அப்பா, மம்பட்டியக் கழுவி எங்க வெச்சீங்க? அத எடுத்து வெளிய வைங்க. நான் திரும்பி வர்றேன்... சாப்புடுங்க மொதல்ல.

மண்வெட்டி எடுக்கிற சத்தம் கேட்கிறது அக்கா. லைனில்தான் இருக்கிறார். வைக்கவும் இல்லை.

கேட் தூக்குகிறார்கள். கொஞ்சம் வழி விடுங்கள், டிரைவர் எடுப்பதற்குள் இங்கேயே இறங்கிவிடுகிறேன். எதிர்ப்பக்கம் ஏதாவது பஸ் நிற்கும். வயலுக்குப் போகிறதுக்கு முன்னால் மாமா வீட்டு வாசலில் ஏற வேண்டும். தெருவே பார்க்கத்தான் கத்தினேன், தெருவே பார்க்கத்தான் போக வேண்டும். திட்டினால் திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன். என்னைப் பார்த்ததும் "வாங்க" என்று மட்டும் சொல்லாமல் இருந்தால் போதும்.